மெக்கானிக் ஏன் கதவைத் திறக்கவில்லை

மைக் செட் தொழிலில் இருப்பவர்கள் அதிகம் பேசமாட்டார்கள். நாள் முழுக்க அடுப்படியில் நிற்கும் சமையல்காரருக்குப் பசி எடுக்காது என்பார்களே, அதுபோல. ஆனால் என் விஷயத்தில் தொழிலைக் குறை சொல்ல முடியாது. நான் பிறவியிலேயே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" சொல்ல வெட்கப்பட்டு, முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே பாதி வருடம் லீவு போட்டவன் நான்.

எனக்கு நாகர்கோவில் வடசேரியில் சவுண்ட் சர்வீஸ் கடை. கடைக்கு மேலே ஒரு அறை, அதில் நான். வயது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. கல்யாணம் நடக்கவில்லை. (பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளைக்குப் பேச வருமா?" என்று கேட்டார்கள். வரும் என்று சொல்ல வாய் வரவில்லை.) ஒரே தங்கை வசந்தாவைக் குலசேகரம் தாண்டி ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. வேலை இல்லாத நாட்களில் நான் பேசுகிற மொத்தப் பேச்சும் டீக்கடையில் "சீனி கம்மி" என்பதோடு முடிந்துவிடும். சில நாள் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே சீனி குறைத்துப் போட்டுவிடுவார். அன்றைக்கு அந்தப் பேச்சும் கிடையாது.

அப்படி இருந்தவனுக்குத்தான் போனில் அந்த விண்வெளித் தொடர் அகப்பட்டது. வெளிநாட்டுத் தொடர், தமிழில் பேசவைத்திருந்தார்கள். ஒரு கப்பல், ஒரு கேப்டன், நட்சத்திரம் நட்சத்திரமாகப் போய்ச் சண்டை போடுவார்கள். முதல் சீசனை மூன்று நாளில் பார்த்தேன். பிறகு அதன் ரசிகர் குழு ஒன்றில் சேர்ந்தேன். தமிழ்நாடு முழுக்க, துபாய் வரைக்கும் ஆட்கள். இரவும் பகலும் அடித்துக்கொள்வார்கள். நான் எல்லாவற்றையும் வாசிப்பேன். என் பங்களிப்பு, பிடித்த கருத்துக்குக் கீழே ஒரு பெருவிரல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் லைனில் வந்து வாயாலேயே பேசுவார்கள். நான் பார்சல் சாப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அதைக் கேட்பேன். நாலு பேரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல இருக்கும். யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பது இன்னொரு வசதி.

அந்த வருடம் கடைசி சீசனில் ஒரு எபிசோட் வந்தது. அதில் கப்பலே இல்லை. கேப்டனும் இல்லை. எங்கோ ஒரு கோளில் சிக்னல் அனுப்புகிற நிலையத்தில் தனியாக இருக்கும் ஒரு மெக்கானிக் மட்டும்தான். (அவனுக்கு ஒரு பெயர் உண்டு, என் வாயில் நுழையாது.) போகிற வருகிற கப்பலுக்கெல்லாம் வழி சொல்வான். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அவன் டீ போடுவான், திருகாணி முறுக்குவான், தூங்குவான். கடைசியில் அவனைக் கூட்டிப்போக ஒரு கப்பல் வந்து, கதவை ஒருவர் தட்டுவார். அவன் எழுந்து கதவுவரைக்கும் போவான். திறக்கமாட்டான். படம் அணைந்துவிடும்.

குழுவில் பூகம்பம். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன், எதற்கும் முதலில் குதிக்கிறவன், "ஏனுங்க, ஒருத்தன் டீ போடறதப் பாக்கறதுக்கா நான் காசு கட்டுனேன்?" என்று ஆரம்பித்து வைத்தான். எழுதினவனை விண்வெளியில் தள்ள வேண்டும் என்றார்கள் சிலர். ஆஹா, கலை என்றார்கள் சிலர். ஆனால் இரண்டு கட்சிக்கும் ஒரு விஷயத்தில் சந்தேகமில்லை: மெக்கானிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது.

இல்லை என்று எனக்குத் தெரியும். அவன் ஏன் திறக்கவில்லை என்று உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்று தோன்றியது. அவனைத் திட்டத்திட்ட எனக்கு முகம் சுட்டது. அதை ஒரு ஆளிடமாவது சொல்லி, அந்த ஆள் "ஓ, அப்படியா" என்று சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஞாயிற்றுக்கிழமை நானும் கை தூக்கிப் பேசுவது என்று முடிவு செய்தேன்.

அந்த ஞாயிறு பார்த்து வசந்தாவின் ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. மைக் செட் என்னுடையது. கோயிலை ஒட்டிய சின்ன சாமான் அறையில் ஆம்ப்ளிஃபையரை வைத்து, ஊரின் நாலு மூலைக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தேன். பஸ் திருப்பத்தில் ஒன்று, ரப்பர் தோட்டத்துப் பக்கம் ஒன்று, மற்ற இரண்டும் வீடுகளைப் பார்த்து. மத்தியான பூஜை முடிந்து பந்தி தொடங்கியது. கமிட்டித் தலைவர் தங்கப்பன் அண்ணன் வந்து ஏதோ அறிவித்துவிட்டு, மைக்கை என் மேசையில் வைத்துவிட்டுச் சோறு திங்க ஓடினார். மைக்கை அணைக்க வேண்டியவன் நான். எனக்கு ஊரே சாப்பிடுகிற நேரம், பாட்டு வேண்டாம், கதவைச் சாத்தினால் தனியாகப் பேசலாம் என்ற நினைப்பு மட்டும்தான். பாட்டை நிறுத்தினேன். கதவைச் சாத்தினேன். காதில் இயர்போனைச் செருகினேன். வெளியே ஜெனரேட்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மைக் என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் பச்சை விளக்கோடு படுத்திருந்தது.

"அடுத்து நாகர்கோவில் அண்ணன். முதல் தடவையா கை தூக்கியிருக்கார். சொல்லுங்கண்ணே" என்றார் குழுவை நடத்தும் பெண்.

"வணக்கம்" என்றேன்.

காதில் சத்தம் நின்றது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு என்னைக் கவனிக்கிறார்கள் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. (பேச்சிப்பாறைப் பக்கம் போன் சிக்னல் அணைத் தண்ணீர் மாதிரி. திறந்தால் உண்டு, அடைத்தால் இல்லை.) என் குரல் எங்கிருந்தோ கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்ததுபோல இருந்தது. எக்கோ வந்தால் லைன் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம் எடுத்துக்கொண்டேன். இருபத்தைந்து வருடமாக ஊர் ஊராகப் போய் எக்கோவைச் சரி செய்து சம்பாதிக்கிறவனுக்கு, அது எந்த எக்கோ என்று தெரியவில்லை.

தைரியமாக ஆரம்பித்தேன். பார்க்காதவர்களும் இருப்பார்கள் என்று கதையை முதலிலிருந்தே சொன்னேன். மெக்கானிக், நிலையம், டீ, ஆணி, கப்பல். சொல்லச் சொல்ல நாக்குக்கு எண்ணெய் போட்டதுபோல் ஆகிவிட்டது.

"அவனுக்குக் கிறுக்கு ஒண்ணும் இல்ல. ஆளு வரணும் ஆளு வரணும்னு இருந்தவன்தான். வந்தப்பொறவு என்ன பேசதுன்னு தெரியல்ல. பேசிப் பேசித்தான பேச்சு வரும்? எனக்குத் தெரியும். போன தீவாளிக்கு எனக்க தங்கச்சி முறுக்கு கொண்டு வந்து கதவத் தட்டினா. 'அண்ணே, அண்ணே'ன்னு விளிச்சா. நான் உள்ளதான் நின்னேன். கதவுக்கு இந்தப் பக்கம். தெறக்கல்ல. அவ தூக்குப் பாத்திரத்தக் கதவுல மாட்டிட்டுப் போனா. சாயங்காலம் போன் போட்டு, ஆரல்வாய்மொழியில வேலைக்குப் போயிருந்தேன்னு கள்ளம் சொன்னேன். அவ மேல பாசம் இல்லாமலா? அதுபோலத்தான் மெக்கானிக்கும். அத்தனதான் நான் சொல்ல வந்தது."

யாரும் பதில் சொல்லவில்லை. என் பேச்சில் எல்லோரும் உருகிவிட்டார்கள் என்று நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போது கதவு படார் என்று திறந்தது. இயர்போனை உருவினேன். வசந்தா. ஒரு கையில் சாம்பார் வாளி, மறு கையில் அகப்பை.

"அண்ணே, தீவாளிக்கு நான் வந்தப்போ நீ உள்ளயா இருந்த?"

அவள் குரல் எனக்கு இரண்டு தடவை கேட்டது. ஒன்று முன்னாலிருந்து, இன்னொன்று ரப்பர் தோட்டத்திலிருந்து. அப்போதுதான் பச்சை விளக்கைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் ஒரு அறிவாளி என்ன சொல்வானோ தெரியாது. நான், "எந்தத் தீவாளி?" என்றேன். அதுவும் நாலு குழாயிலும் போனது.

"முறுக்கு கொண்டு வந்த தீவாளி!"

மைக்கை நோக்கிக் கையை நீட்டினேன். வெளியே பந்தியிலிருந்து ஒரு குரல்: "ஏலே, ஆஃப் பண்ணாதடே! அவன் பதில் செல்லட்டும்!"

அணைத்தேன். "சே" என்று ஊரே சொன்னது. அது மைக் இல்லாமலே கேட்டது.

வசந்தா வாளியை ஆம்ப்ளிஃபையர் மேல் வைத்தாள். கொஞ்சம் சிந்தியது. (அந்தப் பெட்டி சூடானால் இன்றைக்கும் பெருங்காயத்தின் மணம் வரும்.)

"இனி ஒருத்தரும் கேக்கமாட்டாவ. உள்ளதச் செல்லு" என்றாள்.

"சத்தம் வரல்ல பிள்ளே."

"யாருக்க சத்தம்?"

"எனக்க சத்தம்தான். ரெண்டு நாளா யார்ட்டயும் பேசல்ல. யாருன்னு கேக்கப் பாத்தேன், வெறும் காத்துதான் வந்துது. வீடும் கெடக்க கெடப்பு... நீ என்ன நினைப்பியோன்னு நின்னேன். நிக்க நிக்கத் தெறக்கதுக்குப் பாடாப் போச்சு."

"நான் படியில அர மணிக்கூறு இருந்தேன்."

"தெரியும். உனக்க இருமல் கேட்டுது."

அழுவாள் என்று பயந்தேன். "ஊரு பூரா குழாய் வச்சுச் செல்லுக விஷயத்த எனக்க காதுல செல்லப்பிடாதா? வெளங்காதவனே" என்று அகப்பையால் என் தோளில் ஒன்று வைத்தாள். சட்டையில் ஒரு முருங்கைக்காய் ஒட்டிக்கொண்டது. "வா, சோறு திங்க."

வெளியே போவதைவிட அந்த மெக்கானிக்கின் கோளுக்குப் போவது எளிதாக இருந்திருக்கும். அறையை விட்டு வந்தால், இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை தலையும் திரும்பியது. பிறகுதான் வசந்தாவின் வீட்டுக்காரர் சொன்னார்: நான் பேசத் தொடங்கியதும் ஒருவர் என்னை நிறுத்த எழுந்தாராம். தங்கப்பன் அண்ணன்தான், "இருடே, கத முடியட்டும்" என்று அவரைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறார்.

யாரும் சிரிக்கவில்லை. அதைவிட மோசம். விவாதம் நடந்துகொண்டிருந்தது.

"கூட்டிட்டுப் போக வந்தவன் சொந்தக் கப்பலுக்க ஆளுன்னா, தெறந்தா இவனுக்கு என்ன கேடு?" என்று தங்கப்பன் அண்ணன் பருப்பைப் பிசைந்தபடி கேட்டார்.

"பூட்டு துரு பிடிச்சிருக்கும்" என்றார் எதிரே இருந்த ரப்பர் வெட்டுக்காரர்.

"விண்வெளியில ஏதுவே துரு? அங்க மழை உண்டா?"

"வீடு குப்பையாக் கெடந்திருக்கும்" என்றார் பப்படம் வைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர். "விருந்துக்காரி வரும்போ எனக்க வீடு கெடக்க கெடப்புக்கு நானே தெறக்கமாட்டேன்."

"நீங்க செல்லுங்க, மெக்கானிக்குக் கல்யாணம் கழிஞ்சுதா?" என்று ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இல்ல" என்றேன்.

"அதான்" என்றார்கள் நாலைந்து பேர் ஒன்றாக. அதோடு வீடு குப்பை என்ற கட்சி ஜெயித்துவிட்டது. ஒருவர்கூட என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் மெக்கானிக்கைப் பற்றியே கேட்டார்கள். தூங்குவானா, ஒழுங்காகச் சாப்பிடுவானா, சுகமில்லாமல் கிடந்தால் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று. நான் இலையைப் பார்த்துக்கொண்டே மெக்கானிக்குக்காகப் பதில் சொன்னேன். இரண்டாம் தடவை பாயசம் வாங்கினேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சாயங்காலம் போனில் சிக்னல் திரும்பியது. குழுவிலிருந்து ஒரு செய்தி. "அண்ணே, நீங்க வணக்கம் சொன்னது மட்டும் கேட்டுச்சு. அப்புறம் லைன் போயிடுச்சு. இன்னொரு நாள் பேசலாம்." அதற்குக் கீழே ஓட்டெடுப்பு. இந்தத் தொடரிலேயே மோசமான எபிசோட் எது என்பதில் மெக்கானிக் எல்லோரையும் தோற்கடித்திருந்தான். மறுபடி கை தூக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். ஒரு பெருவிரலைப் போட்டுவிட்டுக் குழாய்களைக் கழற்றப் போனேன். அந்தக் குழுவில் நான் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

தொடர் முடிந்துவிட்டது. மெக்கானிக்கைப் பிறகு ஒரு காட்சியில்கூடக் காட்டவில்லை. ஆனால் கொடைக்கு நான் போனால், "அவன் தெறந்தானா?" என்று இன்றும் கேட்கிறார்கள். இல்லை என்றால் வருத்தப்படுகிறார்கள். தங்கப்பன் அண்ணன் மட்டும் எழுதினவனைத் திட்டுகிறார்.

வசந்தா இப்போது மாதத்துக்கு ஒரு ஞாயிறு வடசேரிக்கு வருகிறாள். முன்கூட்டிச் சொல்லமாட்டாள். காலடிச் சத்தம் கேட்டால் நான் இன்னமும் அசையாமல்தான் நிற்கிறேன். ஐம்பது வருடப் பழக்கம் ஒரு கொடையில் போய்விடுமா? ஆனால் அவள் கதவைத் தட்டுவதை விட்டுவிட்டாள். தெருவில் நின்றுகொண்டு, கையை வாயில் குவித்து, கமிட்டிக்காரர் குரலில் அறிவிக்கிறாள்:

"ஒரு முக்கிய அறிவிப்பு! மாடியில் உள்ளே நின்றுகொண்டு இல்லாததுபோல் நடிக்கும் மைக் செட்டுக்காரர் எங்கிருந்தாலும் உடனடியாக வாசலுக்கு வரவும்!"

டீக்கடைக்காரர் வெளியே வருகிறார். எதிர்க் கடைக்காரர் ஷட்டரிலிருந்து தலையை நீட்டுகிறார். அவள் இரண்டாம் முறை அறிவிப்பதற்குள், அந்த வெட்கம் தாங்காமல் ஓடிப் போய்க் கதவைத் திறந்துவிடுகிறேன்.