டர்போ காலி

கத்தரிக்காய் வாங்கப் போய், அது எந்த ஊர் மண்ணில் காய்த்தது, பறித்து எத்தனை நாள் ஆயிற்று, லாரியில் வந்ததா டெம்போவில் வந்ததா என்று பூர்வீகம் முழுக்க விசாரித்துவிட்டு, கடைசியில் வெண்டைக்காயோடு திரும்பி வருகிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஜனக்புரி பிளாக்கில், என் வீட்டுக்கு நேர் மேல் மாடியில் குடியிருக்கிறார். பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். பிளாக்கில் யாருக்கும் அது தெரியாது. கொரியர்காரன்கூட கீழே நின்று "டர்போ ஸாப்" என்றுதான் குரல் கொடுப்பான். நானும் தமிழன், போதாக்குறைக்கு வங்கி உத்தியோகஸ்தன், மரியாதை தெரிந்தவன் என்பதால் டர்போ அண்ணாச்சி என்பேன்.

ஊர் கோவில்பட்டிப் பக்கம். வேலை மத்திய சர்க்காரில். டெல்லிக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகியும் தன் ஊர்த் தமிழில் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார். இந்திதான் அவரிடம் வந்து தோற்றுப்போனது. சரி என்பதற்கு 'தீக் ஹை', எவ்வளவு என்பதற்கு 'கித்னா', வழி விடு என்பதற்கு 'பையா, ஸைடு', இவற்றை வைத்துக்கொண்டே மனிதர் இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டார். அவர் மனைவி வசந்தி அக்கா நேர் எதிர். கரோல் பாகில் பிறந்து வளர்ந்தவர். திட்டுவது, கணக்குப் போடுவது, கனவு காண்பது எல்லாம் இந்தியில். தமிழில் ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பார், பாதி வழியில் மூச்சு வாங்கும், மீதியை இந்தியில் முடிப்பார். புருஷனைக் கூப்பிடுவதும் நம் 'என்னங்க'வுக்குப் பதில் 'சுனியே' என்று.

அண்ணாச்சி எதையும் சட்டென்று தேர்ந்தெடுக்க மாட்டார். ஒரு மின்விசிறி வாங்க கோடை முழுக்க அலசினார். அலசி முடித்து, இதுதான் என்று தீர்மானித்து வாங்கி மாட்டிய அன்று பிளாக்கில் எல்லோரும் குளிர்காலத்து ரஜாயை, அதாவது பஞ்சுப் போர்வையை, வெயிலில் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கார் கதையும் அதேதான். எந்தக் கார் வாங்கலாம் என்று அவர் ஆராய்ந்து முடிப்பதற்குள் அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டது. விடுவாரா. யாரோ ஓட்டிக் களைத்ததைத் தேடிப் பிடித்து வாங்கினார். டர்போ வைத்த பெட்ரோல் கார்.

டர்போ என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒருநாள் மாடிப்படியில் வைத்து வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பால் வாங்கக் கிளம்பியவன், அன்று பால் இல்லாமல்தான் வீட்டுக்குப் போனேன். வெளியே வீணாய்ப் போகிற புகையை வைத்தே ஒரு குட்டி விசிறியைச் சுற்றி, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் ஏற்றுகிற ஏற்பாடாம். அதனால் சின்ன எஞ்சினுக்குப் பெரிய பலமாம்.

"ஏத்தத்துல மிதிச்சீர்னா முதுகுல கைய வச்சுத் தள்ளுத மாதிரி இருக்கும் வே" என்றார்.

ஜனக்புரியில் ஏற்றத்துக்கு எங்கே போவது? மேம்பாலம்தான். அதிலும் எப்போது பார்த்தாலும் வண்டிகள் நின்றுகொண்டிருக்கும். ஆகவே காரை வாங்கிய அன்றே வசந்தி அக்காவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். ராணிகேத்துக்கு இந்தக் காரிலேயே மலையேறிக் கூட்டிப் போகிறேன் என்று. முதல் வருஷம் லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் லீவு கிடைத்தது, எந்தப் பாதையில் போவது என்று அவர் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் லீவு தீர்ந்துவிட்டது. அப்புறம் கார் ஒர்க்‌ஷாப்பில். அப்புறம் மழை. அப்புறம் மறுபடியும் ஒர்க்‌ஷாப். அக்கா கேட்பதையே விட்டுவிட்டார். பழைய பெட்ரோல் காருக்கு டெல்லியில் வயசு வரம்பு உண்டல்லவா, அதற்கு இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி என்கிற நிலையில், கார் 'டக் டக்' என்று தாளம் போட ஆரம்பித்தது.

மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, கேம்ஷாஃப்ட் போய்விட்டது என்றார். அது ஒரு இரும்புத் தண்டு. அதில் வரிசையாக முட்டை வடிவத்தில் மேடுகள். தண்டு சுற்றச் சுற்ற ஒவ்வொரு மேடும் ஒரு வால்வைத் தள்ளித் திறந்து, காற்றை உள்ளே விடும், புகையை வெளியே விடும். ஆயில் சரியாக ஏறாமல் ஒரு மேடு தேய்ந்து மொட்டையாகிவிட்டது. வேறு தண்டு போட வேண்டும்.

"அச்சா" என்றார் வசந்தி அக்கா. "தீபாவளி சஃபாயிக்குள்ள காடி ஓடணும். ஓடலைன்னா பழைய பேப்பரோட அதையும் கபாடிவாலாக்குக் குடுத்துடுவேன். பஸ், அவ்வளவுதான்."

தீபாவளிக்கு முன்னால் டெல்லியில் வீட்டைத் துப்புரவு செய்வது சும்மா பேச்சில்லை. அலமாரி தெருவுக்கு வரும், மெத்தை வரும், சில வீடுகளில் மாமனாரும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் அக்கா சொன்னால் சொன்னதுதான். மின்விசிறிக்கு ஒரு கோடை எடுத்துக்கொண்ட மனிதர், சில வாரங்களுக்குள் ஒரு கேம்ஷாஃப்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சனி, ஞாயிறுகளில் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். முதலில் காஷ்மீரி கேட். அங்கே கடைக்காரர் பளபளவென்று புதுத் தண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது, வாங்கிக்கொண்டு சோலே பட்டூரே சாப்பிடப் போகலாம் என்றேன். அண்ணாச்சி அதைப் பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது அதே எஞ்சினில் டர்போ இல்லாத காருக்கு உள்ளதாம். நீளம் ஒன்று, தடிமன் ஒன்று, மேட்டின் வளைவு மட்டும் வேறாம். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று சத்தியம் செய்தார். அண்ணாச்சி 'தீக் ஹை' என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அடுத்து கரோல் பாக். தலைமுடியை உச்சியில் கொண்டை போட்டிருந்த ஒரு பையன், ரேஸ் காரில் போடுகிற கேம்ஷாஃப்ட் இருக்கிறது, போட்டால் வண்டி பறக்கும் என்றான். நான் ஆடிப்போய்விட்டேன். எனக்கே பறக்க ஆசை வந்துவிட்டது. அண்ணாச்சிக்கும் கண் மின்னியது. ஆனால் மெட்ரோவில் திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்து, ஜனக்புரி நெருங்கியதும் உதட்டைப் பிதுக்கினார்.

"அது ரெண்டு வாசலையும் ரொம்ப நேரம் சேந்தாப்புல தொறந்து வச்சிருக்கும் வே. டர்போ அமுக்குத காத்து முன்வாசல்ல வந்து பின்வாசல்ல போயிரும்லா. வீட்டுக்குள்ள என்ன நிக்கும், சொல்லும்."

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியும் போல, யார் வீட்டு வாசலோ என்று கவலையோடு பார்த்தார்.

கடைசியில் மாயாபுரி. டெல்லியில் செத்துப்போன கார்களெல்லாம் பாகம் பாகமாகப் பிரிந்து கிடக்கிற இடம். ஒரு தெரு முழுக்கக் கதவு, ஒரு தெரு முழுக்க கியர் பெட்டி. அங்கே ஒரு சர்தார்ஜி கடையில் அண்ணாச்சி தன் காரின் பெயரைச் சொன்னதும், அவர் உள்ளே போய், பேப்பரில் சுற்றிய ஒரு பழைய தண்டை எடுத்து வந்தார். ஆயில் மினுங்க, ஒவ்வொரு மேடும் கொழுக்கட்டை மாதிரி முழுசாக இருந்தது. அண்ணாச்சி அதை வாங்கித் தடவினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அப்போதுதான் சர்தார்ஜி சொன்னார்:

"யே காலி டர்போ மே லக்தி ஹை, ஜி."

அண்ணாச்சியின் முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று. தண்டை மெதுவாகக் கல்லாமேல் வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"கேட்டீரா வே. இதப் போட்டா டர்போ காலியாம்."

எனக்கும் அப்படித்தான் கேட்டது. டம்ளர் காலி, சிலிண்டர் காலி என்று இந்திக்காரர்களும் நம்மைப் போலத்தானே சொல்கிறார்கள். விற்க வந்த பொருளைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசுகிற வியாபாரியை டெல்லியில் அண்ணாச்சி பார்த்ததே இல்லையாம். சர்தார்ஜியின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். விட்டால் காலில் விழுந்திருப்பார். சர்தார்ஜி ஒன்றும் புரியாமல் எங்களையும் தண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து, அண்ணாச்சி தானாகவே சொல்லிவிட்டார்: தேடியாயிற்று, கிடைக்காது, கபாடிக்காரனை நாளைக் காலையில் வரச் சொல்லலாம் என்று. வீடு முழுக்கத் துப்புரவு நடந்துகொண்டிருந்தது. வசந்தி அக்கா தலையில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு ஸ்டூல்மேல் நின்று ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். எத்தனை வருஷமாக அந்தக் காரைச் சபித்துக்கொண்டிருக்கிறார். அவர் பாட்டுக்கு ஒட்டடை அடித்தார்.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அந்த உத்தமமான வியாபாரியின் கதையை ஆரம்பித்தார். இந்த ஊரிலும் இப்படி மனுசன் இருக்கான் என்றார். பொய் சொல்லி நம்ம தலையில் கட்டியிருக்கலாம், கட்டவில்லை என்றார். அவர் சொன்னதை அப்படியே சர்தார்ஜி குரலில் சொல்லியும் காட்டினார்.

ஸ்டூல்மேல் ஒட்டடைக் குச்சி நின்றுவிட்டது.

"ஃபிர் ஸே, இன்னொரு வாட்டி சொல்லுங்க. என்ன சொன்னான் அவன்?"

"யே காலி டர்போ மே லக்தி ஹை."

அக்கா அண்ணாச்சியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது. எனக்கு ஏன் என்று அப்போது தெரியவில்லை. அக்கா மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மறுநாள் காலை கார் போயிருக்கும். காருக்கே போய்க்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகள் அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். ஒட்டடைக் குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"சுனியே. காலின்னா 'மட்டும்'. டர்போ காடிக்கு மட்டும்தான் அது லகும், வேற எதுக்கும் பொருந்தாதுன்னு சொல்லியிருக்கான். நீங்க தேடினது அதான்."

நான் வாயைப் பிளந்தேன். அண்ணாச்சி எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். செருப்பைத் தேடினார். கடை மூடிவிடுவான், வேறு எவனாவது வாங்கிப் போயிருப்பான் என்று ஒரே புலம்பல். நான் பாய்ந்து இறங்கி ஆட்டோ பிடித்தேன். பார்த்தால் அக்காவும் தலையில் கட்டிய துப்பட்டாவோடு, முகமெல்லாம் ஒட்டடையோடு ஆட்டோவில் ஏறுகிறார். உங்க ரெண்டு பேரையும் தனியா அனுப்பினா கியர் பெட்டிதான் வாங்கி வருவீங்க என்றார்.

அப்புறம் மாயாபுரியில் நடந்ததுதான் காட்சி. சர்தார்ஜி ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். எங்களைப் பார்த்ததும் மிச்சத்தையும் இறக்கப் பார்த்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தி, இந்தியில் வெளுத்து வாங்கினார். எந்தக் காரிலிருந்து எடுத்தது, ஏன் அந்தக் கார் உடைபட்டது, இது எத்தனை நாளாக இங்கே இருக்கிறது என்று குறுக்கு விசாரணை. அண்ணாச்சி பின்னாலிருந்து நெல்லைத் தமிழில் கிசுகிசுப்பார், அக்கா அதை இந்தியாக்கி வீசுவார், பதிலைத் தமிழ்போல ஒன்றாக்கித் திருப்பித் தருவார். ஒவ்வொரு மேட்டிலும் நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னார் அண்ணாச்சி. அக்கா கீறினார். "முட்டை எல்லாம் தீக் இருக்கு" என்றார்.

"அந்த மேடு போய்த் தட்டுதே கீழ ஒரு கிண்ணம், அதுகளையும் கேளு. இதோடயே ஓடினதாத்தான் வேணும்."

"புதுசா வாங்கிக்கலாமே. ஏன் பழசு?"

"கூடவே ஓடித் தேஞ்சது ஒண்ணுக்கொண்ணு பழகிருக்கும்லா. எடத்த மாத்தாமப் போட்டா சத்தமில்லாம ஓடும்."

அக்கா ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு சர்தார்ஜி பக்கம் திரும்பி, அந்தக் கிண்ணங்கள் வரிசை மாறாமல் வேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்டார். சர்தார்ஜி ஒரு மரச்சட்டத்தில் அப்படியே வைத்திருந்தார். அண்ணாச்சி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளைப் பார்த்த அன்றே வாங்கினார்.

மெக்கானிக் மாட்டி முடித்து வண்டியைக் கிளப்பிய அன்று பிளாக்கே கீழே கூடிவிட்டது. தாளம் இல்லை, தட்டல் இல்லை, கம்மென்று ஓடியது. மிதித்ததும் அந்த விசில் சத்தம் வந்தது பாருங்கள், எனக்கே புல்லரித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் லட்டு கொண்டு வந்தார். அண்ணாச்சி அழுதார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டு அழுதார்.

தீபாவளி முடிந்த வாரம் இரண்டு பேரும் விடியற்காலையில் ராணிகேத்துக்குக் கிளம்பிப் போனார்கள். மதியம் வங்கியில் கவுன்டரில் கூட்டம் நெரிகிற நேரத்தில் போன் வந்தது. காத்கோதாம் அடிவாரம் தாண்டி மலையேறுகிறோம், சத்தத்தைக் கேளும் வே என்று அண்ணாச்சி கத்தினார். வசந்தி அக்கா போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்கிறார் போல. எனக்குக் காற்று இரைவதும், எங்கோ ஒரு லாரி ஹாரனும், 'சுனியே, ஆகே தேக்கியே' என்று அக்கா அவரை முன்னால் பார்த்து ஓட்டச் சொல்லிச் சிரிப்பதும்தான் கேட்டன.

"கேக்குதா வே, எப்படி ஏறுது பாத்தீரா?"

"நல்லா கேக்குது அண்ணாச்சி" என்றேன். கூட்டம் முறைத்தது. மலையில் சிக்னல் போய் லைன் தானாக அறுந்துபோகும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.