‘புட்’ என்றால் போடு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. நீயும் அத்தானும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடித்தபின் இருக்கமாட்டீர்கள். உட்கார்ந்துகொண்டு படி.

மகளின் பிரசவத்துக்குப் போகும்போது நீ என்னிடம் விட்டுப்போன உன் நாய், துரை, போய்விட்டான். காரணம் நோய் இல்லை, என் இங்கிலீஷ்.

இந்த ‘புட்’ இருக்கிறதே, அதற்கு ‘போடு’ என்று அர்த்தம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தொலைத்தார்கள். நாமும் சட்டை போடுகிறோம், சண்டை போடுகிறோம், நான் குட்டித்தூக்கம் போடுகிறேன். இங்கிலீஷ்காரனும் இப்படித்தான் என்று இருந்துவிட்டேன். அவனோ ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு என்கிறான், ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துப்போ என்கிறான். இந்தக் கடைசி அர்த்தத்தை மட்டும் என் மனைவி என்னோடு குடித்தனம் நடத்தியே கற்றுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் துரையால் எழுந்திருக்க முடியவில்லை. தூக்கிக்கொண்டு மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவன் கனம் உனக்குத் தெரியும், நீ பிஸ்கட் போட்டு வளர்த்த கனம். மேஜையில் யாரோ ஒருவருடைய பூனை. நான் தூக்கியபடியே நிற்கிறேன், இடுப்பு கழன்று விழுகிறது. டாக்டரம்மா அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘ஷால் வீ புட் ஹிம் டவுன்?’ என்றாள். கீழே இறக்கிவிடலாமா என்கிறாளே, என்ன தங்கமான மனசு என்று உருகிப்போய், ‘யெஸ், யெஸ், ப்ளீஸ், கை மரத்துப்போச்சு’ன்னேன். அவ கண்ணு கலங்கிடுச்சு. என் கைக்கு இவ்வளவு அனுதாபமான்னு நினைச்சேன்க்கா! அப்புறம் ஊசி எடுத்தா. வலிக்குத்தானேன்னு, ‘கொஞ்சம் தாராளமாவே போடுங்க’ன்னு வேற சொன்னேன். துரை என் கையை ஒரு நக்கு நக்கிட்டுத் தூங்கிட்டான். எப்ப எழுந்திருப்பான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதுக்கு எந்த பாஷையிலும் வார்த்தை கிடையாது. நாய்க்கு ‘புட் டவுன்’னா, ஊசி போட்டு ஒரேயடியா முடிச்சுடறதாம்க்கா.

திட்டு. தெரிந்த வார்த்தை எல்லாம் போட்டுத் திட்டு. அத்தானுக்கு வணக்கம், பேரப்பிள்ளைக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அறிவுகெட்ட தம்பி

பி.கு.: அண்ணி, இதை எழுதறது நான், உங்க தம்பி பொண்டாட்டி. கவரை ஒட்டச் சொல்லிக் கொடுத்தார், படிச்சுட்டேன். அன்னிக்கு நானும் கூடத்தான் போனேன். துரைக்கு உடம்பெல்லாம் கட்டி. டாக்டரம்மா நம்ம பாஷையிலேயே பொறுமையா சொன்னாங்க. ‘வேற வழியே இல்லையா’ன்னு இவர் திரும்பத் திரும்பக் கேட்டார். உங்களுக்குப் போன் போடலாம்னு சொன்னேன். ‘வேண்டாம், அவ வாயால சரின்னு சொல்ல வைக்காதே. திட்டறதுக்கு ஒரு முட்டாள் கிடைச்சா தாங்கிடுவா’ன்னார். நல்லாத் திட்டுங்க அண்ணி. பேசாம மட்டும் இருந்துடாதீங்க.