என்ஜினுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

முப்பது வயது ஆண்பிள்ளை சீட்டாடுகிறான் என்றால்கூட எங்கள் தருமபுரிப் பக்கம் பெண் கொடுத்துவிடுவார்கள். கல்யாணம் ஆனால் திருந்திவிடுவான் என்று ஒரு நம்பிக்கை. மாடி அறையில் குந்திக்கொண்டு பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் போடுகிறான் என்றால் யோசிப்பார்கள். (யோசித்தார்கள்.)

எல்லாம் ஒரு சந்தேகத்தில் ஆரம்பித்தது. பொம்மிடி ஸ்டேஷனில் சேலம் வண்டிக்குக் காத்திருக்கும்போதெல்லாம் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஸ்டியரிங் இல்லாத வண்டி எப்படித் திரும்புகிறது? ரெடிமேட் பாதையை வாங்கி மாட்டினால் இது புரியாது என்று, வெறும் கம்பியை ஆன்லைனில் வரவழைத்து நானே போட ஆரம்பித்தேன். குச்சி குச்சியாகக் கட்டை அறுத்து ஒட்டி, அதன்மேல் கம்பியைப் பதித்து, பாதை பிரியும் இடத்தில் அதன் நுனியை அரத்தால் கத்திபோல ராவினேன். அந்த நுனி பக்கத்துக் கம்பியோடு ஒட்டினால் ரயில் ஒரு பக்கம் போகும், விலகினால் இன்னொரு பக்கம் போகும். அது முதன்முதலில் சரியாக நகர்ந்த அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. (அம்மா டாக்டரிடம் கூப்பிட்டாள்.)

அந்தச் சமயத்தில்தான் பூங்கொடி வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பெண் பார்க்கப் போனபோதே அவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த இடம் தவறினால் தாங்கமாட்டேன். அவளும் கூட வந்திருந்தாள். (இப்போதெல்லாம் வருகிறார்கள்.) மாடி அறையை அம்மா பூட்டியே வைத்திருந்தாள்.

பூங்கொடியின் தாய்மாமன் லாரி வைத்திருப்பவர். பூட்டைப் பார்த்ததும் கேட்டார்: “இந்த ரூம்ல என்னங்க?”

“அரிசி மூட்டைங்க” என்றாள் அம்மா.

“ரயிலுங்க” என்றேன் நான், அதே நேரத்தில்.

திறந்து காட்ட வேண்டியதாகிவிட்டது. தண்டவாளம் போட்ட மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். என்ஜின் முந்தின வாரம்தான் வந்திருந்தது. கையால் தள்ளிப் பார்த்ததோடு சரி. கரண்டு கொடுக்கப் போனவனை மாமா தடுத்தார்.

“புது வண்டிங்களா? எலுமிச்சம்பழம் நசுக்காம எடுக்கக் கூடாதுங்க மாப்ள. தொப்பூர் எறக்கத்துல வண்டி ஓட்டுனவன் சொல்றேன், கேளுங்க.”

சிரித்து மழுப்பியிருக்கலாம். ஆனால் மாமாவிடம் நல்ல பேர் வாங்க வேண்டுமே! சமையலறைக்கு ஓடி, இருப்பதிலேயே சின்னப் பழமாகப் பொறுக்கி வந்தேன். அதுவே என்ஜின் உயரம் இருந்தது. வட்டமாக ஒரு துண்டு நறுக்கி, குங்குமம் தடவி, பாதை பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் வைத்தேன்.

கரண்டுக் குமிழைத் திருகினேன். என்ஜின் பழத்தில் முட்டி நின்றது. மானம் போகிறதே என்று முழுசாகத் திருகினேன். ஒரே தாவில் பழத்தை நசுக்கிக்கொண்டு பாய்ந்தது. முன்சக்கரம் நேரே போனது, பின்சக்கரம் வலப்பக்கம் போனது, என்ஜின் குறுக்கே திரும்பி மேஜையிலிருந்து மாமாவின் மடியில் விழுந்தது. வெள்ளை வேட்டியெல்லாம் குங்குமச் சாறு.

“மொத ஓட்டமே பொரண்டுடுச்சே” என்று பூங்கொடியின் அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “சகுனம் நல்லால்லீங்க. நாங்க கெளம்பறோம்.”

மாமாவின் மடியிலிருந்து என்ஜினை எடுத்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

பூங்கொடி மேஜைமேல் குனிந்தாள். தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, நான் ராவிய நுனிக்கும் பக்கத்துக் கம்பிக்கும் நடுவில் நோண்டி எதையோ எடுத்து அத்தையிடம் நீட்டினாள்.

“சகுனம் இல்ல அத்தை, எலுமிச்ச வெதை. நடுவுல மாட்டிக்கிச்சு. அதான் முழுசா மூடாம, பாதிச் சக்கரம் இங்கியும் பாதி அங்கியும் போயிருக்குது.” பிறகு என்னைப் பார்த்தாள். “தொடச்சிட்டு இன்னொருவாட்டி ஓட்டுங்க. மெதுவா.”

ஓட்டினேன். மெதுவாக வந்து, நுனியைத் தொட்டு, அழகாகத் திரும்பிப் போனது. அத்தை உட்கார்ந்தார்.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. சமீபத்தில் மாமா புது லாரி எடுத்தார். பூசாரி டயருக்கு அடியில் பழத்தை வைக்கப் போகும்போது, “இருங்க சாமி” என்று வாங்கி, இரண்டாக நறுக்கி, விதைகளை ஒவ்வொன்றாக நோண்ட ஆரம்பித்தார். பூசாரி ஒன்றும் புரியாமல் விழித்தார்.

மாமா என்னைக் கைகாட்டினார். “ஒரு வெதையால எங்க வூட்டுப் பொண்ணே இவருகிட்ட மாட்டிக்கிச்சு. டயருக்கு என்ன ஆவுமோ, யாரு கண்டா!”