பிரமுகர் வீட்டு மூட்டைப்பூச்சி

நான் பத்திரமாக வைத்திருக்கும் காகிதங்களில் முதலிடம் ஒரு கடிதத்துக்கு. கோடு போட்ட தாள், வலது மூலையில் தேதி, கிழமை, காலை மணி ஆறு பத்து. 'மாப்பிள்ளைக்கு' என்று தொடங்கி, அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, 'ஐயா' என்று திருத்தியிருக்கிறது. கீழே மூன்று வரிகள்: '1. தங்கள் நோட்டீஸ் கண்டேன். 2. என் மகள் சம்பந்தமான பேச்சு இத்துடன் நிறுத்தப்படுகிறது. 3. நேரில் வர வேண்டாம்.'

எழுதியவர் கூமாப்பட்டியில் குடியிருந்த, ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார். காரணம் முழுக்க முழுக்க நான்.

அப்போது ராஜபாளையத்தில் பூச்சி மருந்து அடிக்கும் தொழில் வைத்திருந்தேன். எந்த வீடு, எந்தப் பூச்சி, எந்த அறை, எத்தனையாவது முறை என்று எல்லாவற்றையும் தேதியோடு நோட்டில் ஏற்றுவேன். (கல்வெட்டு வெட்டியவர்கள்கூட இவ்வளவு சிரத்தை எடுத்திருக்க மாட்டார்கள்.) சுபேதார் வீட்டுக்கும் மூட்டைப்பூச்சிக்காகத்தான் போனேன். அவர் மகள் செல்வி காபி கொடுத்தாள். பத்து நாள் கழித்து, "திரும்ப வந்திருச்சு" என்று போன் செய்தாள். போய்த் தேடினேன், ஒரு பூச்சிகூடக் கண்ணில் படவில்லை. ஆனாலும் மருந்தடித்தேன், காபி குடித்தேன், நோட்டில் 'இரண்டாம் முறை' என்று எழுதினேன். அதற்குப் பிறகு இரு வீட்டாரும் கல்யாணம் பேசத் தொடங்கினார்கள்.

தொழில் மந்தமாக இருந்தது. அச்சகம் வைத்திருந்த முருகேசன் யோசனை சொன்னான்.

"பெரிய மனுசங்க பேரா நாலு போட்டு நோட்டீஸ் அடிங்கண்ணே. ஊரே பின்னால வரும். ஆனா அவியகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க."

"நடந்ததைச் சொல்ல எதுக்குய்யா அனுமதி?"

ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளுக்குள் வைத்து நோட்டீஸ் போனது. 'எங்கள் பெருமைமிகு வாடிக்கையாளர்கள்' என்ற தலைப்பின் கீழ், பெயர், ஊர், தேதியோடு மூவர். ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபம்: மணமகள் அறை, மூட்டைப்பூச்சி. ராஜபாளையம் வக்கீல்: கேஸ் கட்டு அலமாரி, கரையான். கூமாப்பட்டி சுபேதார் இல்லம்: கட்டில், சோபா, மூட்டைப்பூச்சி, இரண்டு முறை.

பத்து மணிக்குள் அது வாட்ஸ்அப்பில் ஏறிவிட்டது. வக்கீலின் கட்சிக்காரர்கள் வரிசையாக வந்து மூலப் பத்திரங்களைத் திருப்பிக் கேட்டார்கள். மண்டபத்துக்காரர் போனில் கத்தினார்: "ஏலே, மணமகள் ரூம்புன்னு எதுக்குலே போட்ட? சமையல் ரூம்புன்னு போட்டிருந்தாக்கூட சமாளிச்சிருப்பேன்லா!"

அடுத்த நாளே ஆள் கையில் அந்தக் கடிதம் வந்தது. மூன்றாவது வரியை மீறி கூமாப்பட்டிக்கு ஓடினேன்.

"மூணாம் நம்பர படிக்கலையா?"

"படிச்சேன், மாமா."

"மாமாவா? அதத்தான் அடிச்சுட்டேனே! பட்டாளத்துல என் கட்டில்ல ஒரு பூச்சி அண்டினதில்ல. இன்னிக்கு என் சொந்தத் தம்பி நின்னுக்கிட்டே காபி குடிக்கான். சோபால உக்கார மாட்டேங்கான்!"

செல்வி கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. செய்தேன். மறுவாரமே, சொந்த மூளையை மட்டும் நம்பி, இரண்டாவது நோட்டீஸ் அடித்தேன்: 'கூமாப்பட்டி சுபேதார் இல்லத்தில் தற்போது மூட்டைப்பூச்சி அறவே இல்லை என உறுதி கூறுகிறோம்.' முதல் நோட்டீஸ் எட்டாத வ. புதுப்பட்டி வரை இது போய்ச் சேர்ந்தது.

நான்காம் நாள் சுபேதாரே என் கடைக்கு வந்தார். நாற்காலியைத் தட்டிப் பார்த்தார், உட்காரவில்லை.

"இதயும் கேக்காமத்தான் போட்டியா?"

"ஆமா மாமா."

"நல்ல வரன் ஒண்ணு வந்துச்சு. நேத்து போன் பண்ணிச் சொல்லுதான், கட்டில் மெத்தையெல்லாம் வேண்டாம், பொண்ணு மட்டும் வெறுங்கையோட வந்தாப் போதும்னு." நாற்காலியை இன்னொரு முறை தட்டினார். "இனி என் வீட்டுல எவன்லே பொண்ணெடுப்பான்? நீதான் எடுக்கணும்."

கல்யாணம் அதே ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் நடந்தது. மணமகள் அறை மெத்தையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மண்டபத்துக்காரர் போட்ட நிபந்தனை. அந்தப் படம் பிறகு அவருடைய விளம்பரப் பலகையில், 'பூச்சி மருந்துக்காரரே நம்பிய மண்டபம்' என்ற வரியோடு, பேருந்து நிலையத்துக்கு எதிரே நின்றது. எங்களை யாரும் கேட்கவில்லை.

இன்றும் எந்த விசேஷ வீட்டிலாவது நான் பேனாவைத் திறந்தால், மாமா பந்தியிலிருந்தே குரல் கொடுப்பார்: "மாப்ள, கேட்டுட்டு எழுதுங்க!"

கேட்கிறேன். அந்த இரண்டாம் முறை வீட்டில் உண்மையிலேயே பூச்சி இருந்ததா என்று செல்வியிடம் பலமுறை கேட்டுவிட்டேன். சிரிக்கிறாள், காபி போட எழுந்து போய்விடுகிறாள். ஆகவே என் நோட்டில் அந்தப் பதிவுக்கு எதிரே இன்னும் 'உறுதி செய்யப்படவில்லை' என்றே இருக்கிறது.