நாக்கு இல்லாத மணி

கழுத்தில் ஓர் அடையாள அட்டையை மாட்டிவிட்டால் சிலருக்குப் புத்தி லீவு எடுத்துக்கொள்ளும். எனக்கு மொத்தமாக ராஜினாமாவே செய்துவிட்டது.

நோர்வூட் பக்கம் எங்கள் தோட்டத்தில், மூடிக்கிடந்த பழைய தேயிலை பெக்டரியை மியூசியமாக்கியிருந்தார்கள். வழிகாட்டி வேலைக்கு எனக்கு அன்று சோதனை. ஒழுங்காகச் செய்தால் வேலை நிரந்தரம். சொதப்பினால் மறுநாளே அம்மாவோடு கொழுந்து பறிக்க மலையேற வேண்டியதுதான். (அம்மாவோ, "எம் மக மியூசியத்துல ஆபீசரு" என்று லயத்து வீடுகள் முழுக்க முன்கூட்டியே சொல்லி முடித்திருந்தாள்.)

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆசிரியர்கள் வந்திறங்கினார்கள். கொழுந்து அரைக்கும் இயந்திரம், இலை காயவைக்கும் பெரிய இரும்புப் பெட்டி எல்லாம் காட்டிவிட்டு வாசல் மணிக்கு வந்தேன்.

"இத அடிச்சுத்தாங்க காலையில பெரட்டுக்குக் கூப்பிடுவாங்க."

"பெரட்டோ? பிரட்டல் கறியோ பிள்ளை?" என்றார் கண்ணாடி போட்ட ஒரு டீச்சர்.

"இல்லீங்க டீச்சர், ஆளுங்கள வரிசையா நிப்பாட்டி வேல பிரிச்சுக் குடுக்கிறது."

"இப்பவும் சத்தம் வருமோ?"

கேட்டாரே ஒரு கேள்வி! கயிற்றைப் பிடித்தேன். பெரட்டுக்கு விட்டு விட்டு அடிக்க வேண்டும். விடாமல் அடித்தால், குளவிக்கூடு கலைந்துவிட்டது, ஓடு என்று அர்த்தம். எங்கள் தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சமாச்சாரம் அந்த நேரம் பார்த்து எனக்கு மறந்துபோனது. கோயில் பூசை மாதிரி விடாமல் அடித்தேன்.

"ஐயோ, குளவி!" மலையில் ஒரே அலறல். கொழுந்தைப் போட்டுவிட்டு, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மொத்தப் பேரும் இறங்கி ஓடிவந்தார்கள். ஆசிரியர்கள் மட்டும் நிற்பார்களா? "குளவியாம், ஓடுங்கோ!" கண்ணாடி டீச்சர் அந்த இரும்புப் பெட்டிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

முதலில் வந்து சேர்ந்த சாக்குக்குள் என் அம்மா. "எங்கடி கொட்டுச்சு?" என்று என் தலை, கை எல்லாம் தடவினாள்.

"குளவி இல்லம்மா... விளக்கம் குடுத்தேன்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சாக்கைக் கழற்றி என் தலையில் போட்டாள். "இந்தா, நாளையிலருந்து ஒனக்குத்தான் வேணும்."

முகம் சிவக்க மியூசிய மேலாளர் வந்து நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் தேயிலைத் தூசி அப்பிய முகத்தோடு பெட்டிக்குள்ளிருந்து டீச்சர் வெளியே வந்தார், விழுந்து விழுந்து சிரித்தபடி.

"தம்பி, நான் பாத்த மியூசியமெல்லாம் நித்திரை. இண்டைக்குத்தான் ஒண்டு எழும்பி ஓடினது. இந்தப் பிள்ளையை விட்டிடாதேங்கோ!"

வேலை கிடைத்தது. ஆனால் மறுநாளே மணியின் நாக்கைக் கழற்றி, கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக வைத்துவிட்டார்கள். இப்போதும் வீட்டில் நான் கொஞ்சம் நீட்டி முழக்கிப் பேச ஆரம்பித்தால் போதும், குசினி அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும்:

"பாவம் அந்த மணி! நாக்கக் கழட்டுனவங்க ஆள் மாறிக் கழட்டிட்டாங்க."