கறுப்புக் கரை போட்ட கார்டு

சொல்லவே வெக்கமா இருக்கு. இருந்தாலும் சொல்லிடறேன், வேற யாராவது ஜாஸ்தி சேர்த்துச் சொல்றதுக்குள்ள.

திருவண்ணாமலை பக்கத்துல வேங்கிக்கால்ல வீட்டு பிளான் வரையறவன் நான். பேரு அருணகிரி. ஆனா பன்னெண்டு வருஷமா என் போர்டுல இருந்தது 'மணிமொழி ஹவுஸ் பிளான்'. மணிமொழி என் சம்சாரம். போர்டு மாமனார் கொடுத்த சீர். மஞ்சள் பலகை, சிவப்பு எழுத்து. ஊரே என்னை 'மணிமொழி வீட்டுக்காரரு'ன்னுதான் கூப்பிடும். அருணகிரிங்கிற பேரு ரேஷன் கார்டுல மட்டும் சௌக்கியமா இருந்தது.

2001 தை மாசம் சபதம் எடுத்தேன். இனிமே என் பேரு. போர்டு, கார்டு, கவர், நான் போடற சட்டை வரைக்கும் ஒரே கலர். மெட்ராஸ்ல பெரிய கம்பெனிங்க அப்படித்தான் செய்யறாங்களாம். கறுப்பு வெள்ளைதான் கௌரவம்னு நானே டிசைன் போட்டேன். கார்டு நடுவுல என் போட்டோ. சுத்தி கறுப்புக் கரை. கீழே, 'அருணகிரி. இனி புதிய வடிவில்.' பழைய பார்ட்டிங்க இருநூறு பேருக்கும் தபால்ல போகணும்.

மணிமொழி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"என்னங்க, இது நல்லாவா இருக்கு?"

"உனக்கு டிசைன் தெரியுமா?"

"தெரியாதுங்க. அந்தக் கரை மட்டும் கொஞ்சம்..."

"கரைதான்டி அழகே. நீ பேசாம ஸ்டாம்ப் ஒட்டு."

பேசாமத்தான் ஒட்டினா. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

மூணாம் நாள் காலைல கண்ணாயிரம் சார் வந்தாரு. ரிட்டையர்டு தாசில்தார், நம்ம பழைய பார்ட்டி. மாடி வீடு கட்டப் போறாரு. அந்த பிளான் வேலை எனக்கா, எதிர்க்கடைக்கான்னு அந்த வாரம்தான் முடிவாகணும். புதுச் சட்டையோட ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவர் கையில ரோஜா மாலை. என்னைப் பார்த்ததும் ரெண்டு படி கீழ இறங்கிட்டாரு.

"நீங்க... இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"கருமாதி கார்டு வந்துதே? படிச்ச கையோட கிழிச்சு வெளிய போட்டுட்டுத்தானே கிளம்பினேன்."

இருநூறு கார்டு. திருவண்ணாமலை பூக்கடையில இந்நேரம் மாலையே மிச்சம் இருக்காது.

மணிமொழி வந்தா. "மாலையை வெளியவே வெச்சுட்டு வாங்க சார்"னு உள்ள உக்கார வெச்சுக் காபி கொடுத்தா. நான் பிளானை நீட்டினேன். அவர் வாங்கலை.

"தப்பா நினைக்காதீங்க. குடியிருக்கப் போற வீடு. அம்மா கையால கொடுக்கட்டும்."

அம்மா நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, மேல ஒரு கார்டு வெச்சுக் கொடுத்தா. மஞ்சள் கார்டு, சிவப்பு எழுத்து. 'மணிமொழி ஹவுஸ் பிளான்'. மை வாசனைகூடப் போகலை.

அவர் போனதும் கேட்டேன்.

"இது எப்போ அடிச்சே?"

"கரைதான் அழகுன்னீங்களே, அன்னிக்குச் சாயங்காலம். மத்த நூத்தித் தொண்ணூத்தொம்பது பேருக்கும் இதான் போயிருக்கு."

"அவருக்கு மட்டும் ஏன் அதை அனுப்பினே? வேலை போயிருந்தா?"

"போகாதுங்க. அவங்க வீட்டம்மா பிளான்ல அடுப்படியைப் பார்த்துட்டு, போன வாரமே வேலை நமக்குத்தான்னு சொல்லிட்டாங்க. அந்த அடுப்படி நான் சொல்லித்தானே வரைஞ்சீங்க? நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. அவர்தான் துக்கம்னா மொத ஆளா நேர்ல வர்ற மனுஷன்."

மெதுவாக் கேட்டேன்.

"அப்ப என் கார்டெல்லாம் எரிச்சுட்டியா?"

"சே, நீங்க ஆசையாப் போட்ட டிசைன். பரண் மேல பத்திரமா வெச்சிருக்கேன். தேதி மட்டும் அப்புறமாப் போட்டுக்கலாம்."