நாலாம் மாடித் தென்னை

சுங்கை பினாங்,
ஞாயிறு காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த தைப்பிங் சித்தப்பாவுக்கு, மோகனா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் உங்கள் குரலைக் கேட்டாலே எனக்குப் பேச்சு வராது, அதனால்தான் கடிதம்.

உங்கள் மகன் கோகுலன் அண்ணனுக்குக் கார் லைசென்ஸ் கிடைக்க வேண்டும் என்று தைப்பூசத் தேருக்கு முன்னால் நீங்கள் போட்ட தேங்காய்களில் ஒன்று உடையாமல் என் காலடிக்கு உருண்டு வந்ததல்லவா, அத்தனை பேர் பார்க்க அதைத் திரும்பத் தூக்கிப் போட வெட்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசலில் பழைய வாளியில் வைத்தேன், அது முளைத்துவிட்டது. இப்போது இரண்டு ஓலை. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்ட பிறகு காலையில் அதன் பக்கத்தில் உட்காருவதுதான் எனக்கு வேலை. கீழே பாயான் லெப்பாஸ் பஸ்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும், ஓலை நிழல் சுவரில் மெதுவாக நகரும், அதற்குள் நான் பத்து வருஷம் தாண்டிப் போய்விடுவேன். மரம் கம்பிக்கு வெளியே தலையை நீட்டி வளர்ந்திருக்கும், ஆறாம் மாடிக்காரர்கள் கதவைத் திறந்து இளநீர் பறிப்பார்கள். பக்கத்து வீட்டு கிளிஃபர்ட் அங்கிள் மட்டும், "காய் விழுந்தா என் கெரெத்தா மேலதான் விழும், இப்பவே சொல்லிட்டேன்லா" என்று கீழே நிற்கும் தன் காரைக் காட்டுகிறார்.

இப்படி இருக்கையில் அண்ணன் மறுபடியும் பெயிலாகி, நீங்கள் அம்மாவிடம், "அந்தக் காய ஒடைக்காம வச்சிருந்தா அவன் எப்படி அண்ணி பாஸாவான்? செவ்வாக்கெழம டெஸ்டுக்கு முன்னால கோயில் வாசல்ல ஒடச்சிடுங்க" என்றீர்களாம். அம்மா சரி என்றுவிட்டார். எங்கள் வீட்டிலேயே தங்கியிருக்கும் அண்ணனோ, "மரத்த எப்படி பெரியம்மா ஒடைக்கிறது?" என்று சிரிக்கிறார். அண்ணன் பெயிலாவது பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுப்பதால்தான் சித்தப்பா. அப்பா காரில் அவர் பழகுவதை மாடியிலிருந்து தினமும் பார்க்கிறேன். தென்னை என்ன செய்யும், பாவம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். வாளியை நேற்றே ஒளித்துவிட்டேன், இடத்தை அம்மா அடித்தாலும் சொல்லமாட்டேன்.

சித்திக்கு என் அன்பு. முருகன் உங்கள் முட்டியைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
மோகனா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அண்ணன் கீழே ரிவர்ஸ் எடுத்தார். தூணோரம் நான் ஒளித்திருந்த வாளியில் கார் போய் இடித்தது. தேங்காய் உடைந்துவிட்டது சித்தப்பா. குருத்துக்கு ஒன்றுமில்லை, வேறு வாளியில் மறுபடி நாலாம் மாடிக்கு வந்துவிட்டது. உங்கள் வேண்டுதலை உங்கள் பிள்ளையே முடித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை அவர் பெயிலானால் அதற்குத் தென்னை பொறுப்பில்லை.